ஷோனாவ்: மின்கம்பிகளை விலைக்கு வாங்கிய சிற்றூர்

தென்மேற்கு ஜெர்மனியில், கருங்காடு எனப்படும் மலைப்பகுதியில் உள்ளது ஷோனாவ். சுமார் 2,500 பேர் வாழும் சிற்றூர். அணுமின்சாரம் வேண்டாம் என்று குரல் கொடுத்த ஊர்கள் ஐரோப்பாவில் பல உண்டு. குரல் கொடுத்ததோடு நில்லாமல், தன் தெருக்களில் ஓடும் மின்கம்பிகளையே மின் நிறுவனத்திடமிருந்து விலைக்கு வாங்கிய ஊர் இது. அம்முயற்சியை முன்னின்று நடத்தியவர்கள் உர்சுலா ஸ்லாடெக், மிஷாயேல் ஸ்லாடெக் தம்பதியர். உர்சுலா ஆசிரியப் பயிற்சி பெற்றவர், ஐந்து குழந்தைகளின் தாய். கணவர் ஊர் மருத்துவர். இருவரும் மின்துறையைச் சேர்ந்தவர்கள் அல்லர்.

செர்நோபிலுக்குப் பின்

1986 ஏப்ரல் 26 அன்று செர்நோபில் அணு உலை வெடித்தது. கதிரியக்கத் தூசு காற்றில் பரவி, மழையோடு தென் ஜெர்மனியிலும் இறங்கியது. குழந்தைகளுக்குப் பால் கொடுக்கலாமா, மணலில் விளையாட விடலாமா என்று பெற்றோர் தவித்தார்கள். அந்தக் கவலையில் பிறந்ததுதான் 'அணுவற்ற எதிர்காலத்துக்கான பெற்றோர்' என்ற குழு. குழுவினர் முதலில் செய்தது எளிய காரியம்: மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் வீடுகளுக்குப் போட்டி வைத்தார்கள்.

இங்கேதான் சிக்கல் தெரிய வந்தது. மின்கட்டணத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று மாறாத நிலைக்கட்டணம். மற்றது செலவிட்ட யூனிட்டுக்கான கட்டணம். நிலைக்கட்டணம் கூடுதலாக இருந்தால், சிக்கனம் செய்பவருக்கு மிச்சமாவது சொற்பமே. கட்டண முறையை மாற்றும்படி கேட்டபோது, அப்பகுதிக்கு மின்சாரம் வழங்கிய ரைன்ஃபெல்டன் நிறுவனம் மறுத்துவிட்டது. கம்பி யாருடையதோ அவர்களே விதியை எழுதுகிறார்கள் என்பது குழுவுக்குப் புரிந்தது.

இரண்டு வாக்கெடுப்புகள்

ஊருடன் நிறுவனம் செய்திருந்த ஒப்பந்தம் 1994ல் முடிய வேண்டும். முன்கூட்டியே அதை 20 ஆண்டுகள் நீட்டித்தால் ஒரு லட்சம் மார்க் தருவதாக நிறுவனம் சொன்னது. நீட்டிக்காவிட்டால் அதே தொகையைத் தாங்களே திரட்டித் தருவதாகக் குழுவினர் முன்வந்தனர். ஆனாலும் ஊர்மன்றம் நிறுவனத்தின் பக்கமே சாய்ந்தது. குழு 1991ல் பொதுவாக்கெடுப்பு நடத்தச் செய்து, ஏறத்தாழ 56 விழுக்காடு ஆதரவுடன் அம்முடிவை மாற்றியது. பின்னர் ஊர்மன்றம் உரிமத்தைக் குடிமக்களின் புதிய நிறுவனத்துக்கு அளித்தபோது, எதிர்த்தரப்பு 1996ல் இரண்டாவது வாக்கெடுப்பைக் கொண்டுவந்தது. அதிலும் வெற்றி கிடைத்தது, ஆனால் 52 விழுக்காடு அளவில்தான். ஏறக்குறைய பாதி ஊர் எதிர்த்து நின்றது என்பதை மறந்துவிடக் கூடாது. அனுபவமில்லாதவர்கள் கையில் மின்சாரத்தை ஒப்படைக்க அஞ்சுவது இயல்புதானே!

அடுத்த தடை விலை. நிறுவனம் முதலில் 87 லட்சம் மார்க் கேட்டது. அது மிகையான மதிப்பு என்பது குழுவின் வாதம். வழக்காடிக்கொண்டிருந்தால் ஆண்டுகள் கழியும். எனவே 'நான் ஓர் அணுவிபத்து' என்ற குறும்பான விளம்பரத்தோடு நாடெங்கும் நன்கொடை கேட்டார்கள். இறுதியில் 57 லட்சம் மார்க் கொடுத்து, 1997 ஜூலை 1 அன்று மின்கட்டமைப்பைக் கைப்பற்றினார்கள். கூடுதலாகக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி பிற்பாடு சட்ட வழியில் திரும்பி வந்தது.

ஊரைத் தாண்டி

1998ல் ஜெர்மனியின் மின்சந்தை திறந்துவிடப்பட்டது. ஷோனாவ் மின் நிறுவனம் நாடு முழுவதும் வாடிக்கையாளர்களைப் பெற்றது. ஒவ்வொரு யூனிட்டின் விலையிலும் ஒரு சிறு தொகை புதிய சூரிய, காற்று மின்நிலையங்களுக்குப் போகிறது. 2009ல் நிறுவனம் கூட்டுறவாக மாறியது. உர்சுலாவுக்கு 2011ல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. ஜெர்மனியின் கடைசி அணுமின் உலைகள் 2023 ஏப்ரல் 15 அன்று மூடப்பட்டன.

ஸ்லாடெக் தம்பதியர் புதிய கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. மின்கட்டணச் சீட்டை ஊன்றிப் படித்தார்கள். அதில் கண்ட விதியை மாற்ற, அதை எழுதும் இடத்துக்கே ஊரைக் கொண்டுசேர்த்தார்கள். அதற்குப் பிடித்த காலம் பதினோரு ஆண்டுகள்.