சரத்காலத்துக் கொலைகள்: வங்கத்தின் பூஜா மலர்களும் இதமான மர்மக்கதையும்

நண்பர்கள் சிலர் இம்மாதம் ‘இலையுதிர்கால வாசிப்பு’ என்ற பெயரில் நூற்பட்டியல்களைப் பகிர்ந்து வருகின்றனர். கம்பளிப் போர்வை, ஆவி பறக்கும் தேநீர், ஜன்னலுக்கு வெளியே உதிரும் செந்நிற இலைகள், கையில் ஒரு ‘கோஸி மிஸ்டரி’. படத்தின் கீழே விருப்பக்குறி இட்டவர்களுள் பெரும்பாலோர் மின்விசிறியின் அடியில் அமர்ந்திருந்தவர்கள் என்பது உறுதி. இதைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. அப்பட்டியல்களில் உள்ள நூல்களில் பாதியை நானும் படித்திருக்கிறேன். ஆயினும் வரலாற்று மாணவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. சரத்காலம், விடுமுறை, மர்மக்கதை ஆகிய மூன்றும் ஒன்றாகப் பிணைந்த வாசிப்பு மரபு இந்தியாவிலேயே உண்டு. அம்மரபு கொல்கத்தாவின் அச்சகங்களில் உருவானது.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ‘கோஸி’ என்பது பிற்பாடு வந்த பெயர். கொலை நிகழும்; குருதி அதிகம் தெரியாது. துப்பறிபவர் பெரும்பாலும் காவல் துறையைச் சேராதவர். கதை ஒரு சிறு வட்டத்துக்குள் நடக்கும். இறுதியில் குற்றவாளி இனங்காணப்பட்டு ஒழுங்கு மீளும். முதல் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் இவ்வடிவம் உறுதிப்பட்டது. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகளை வகுத்தார். அகதா கிறிஸ்டியின் பதிப்பகம் பிற்காலத்தில் ‘கிறிஸ்துமஸுக்கு ஒரு கிறிஸ்டி’ என்று ஆண்டுதோறும் விளம்பரம் செய்தது. பருவமும் பண்டிகையும் மர்மக்கதையின் விற்பனைக்குத் துணைநின்றதற்கு இது நன்கறியப்பட்ட சான்று.

வங்கத்தில் இப்பிணைப்பு வேறு வழியில் உருவானது. அங்குச் சரத்காலம் என்பது இலை உதிரும் காலம் அன்று. மழை ஓய்ந்து வானம் வெளுக்கும் காலம். நாணற்புல் வெண்பூப் பூக்கும் காலம். பவழமல்லி உதிரும் காலம். துர்க்கா பூஜைக் காலம். ‘ஆட்டம்’ என்ற ஆங்கிலச் சொல்லை ‘இலையுதிர்காலம்’ என்று பெயர்த்துவிட்டால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. நம் மரபில் புரட்டாசி கார்காலத்தின் பிற்பாதி. அடுத்துவரும் கூதிர்காலமோ நமக்கு மழைக்காலம். பருவப்பெயர்கள் அகராதியில் இணையலாம், வானத்தில் இணைவதில்லை.

கேசவ் சந்திர சென் 1870இல் தொடங்கிய ‘சுலப் சமாச்சார்’ ஒரு பைசா விலையுள்ள இதழ். அதன் சார்பில் 1873இல் பூஜை விடுமுறைக்கென ‘சுட்டீர் சுலப்’ என்னும் தனி இதழ் வெளியாயிற்று. பூஜைச் சிறப்பிதழ்களின் முன்னோடியாக இதனையே வரலாற்றாசிரியர்கள் சுட்டுவர். ‘விடுமுறைக்கான சுலப்’ என்னும் அப்பெயரே கருதத்தக்கது. பக்திக்காக அன்று, ஓய்வுக்காகப் படிக்க வேண்டியது என்ற கருத்து அதில் அடங்கியிருக்கிறது. 1918இல் தாகூரின் மருமகன் நகேந்திரநாத் கங்கோபாத்யாய் சிறுவர்க்கென ‘பார்பணி’ என்னும் பூஜை ஆண்டுமலரைப் பதிப்பித்தார். இருபதுகளிலிருந்து நாளிதழ்களும் இத்துறையில் இறங்கின. தாகூரின் ‘லேபரட்டரி’ என்னும் நெடுங்கதை 1940இல் ஆனந்தபஜார் பத்திரிகையின் சாரதீய மலரில்தான் வெளியாயிற்று. அவர் மறைவதற்கு ஓராண்டுக்கும் குறைவான காலமே அப்போது எஞ்சியிருந்தது. மேற்கு இந்தியாவிலும் இதற்கு இணையான மரபு உண்டு: மராத்தியில் ‘மனோரஞ்சன்’ இதழ் 1909இல் முதல் தீபாவளி மலரை வெளியிட்டது.

இம்மலர்களுக்கு வாசகர் எங்கிருந்து வந்தனர்? அலுவலக விடுமுறையிலிருந்தும் கையில் வந்த சிறு தொகையிலிருந்தும் வந்தனர். கொல்கத்தாவின் வணிக நிறுவனங்களில் பூஜைக்கு முன் ஊழியர்க்குப் பணம் கொடுக்கும் வழக்கம் வேரூன்றியிருந்தது. அது உரிமையா, முதலாளியின் மனமுவந்த கொடையா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தொடர்ந்து கொடுக்கப்பட்டுவந்த பூஜா போனஸை எந்நிலையில் வேலை ஒப்பந்தத்தின் பகுதியாகக் கொள்ளலாம் என்பதற்கான அளவுகோல்களை நீதிமன்றம் 1959இல் வகுத்துரைத்தது. புத்தாடைக்குப் போக எஞ்சியதில் ஒரு பூஜா மலரும் வாங்கப்பட்டது. இன்னும் வசதி இருந்தவர்கள் ‘காற்று மாற்றம்’ வேண்டி மதுபூர், கிரிடி, தேவ்கர், காட்சிலா முதலிய ஊர்களுக்கு ரயிலேறினர். ஓய்வு, பணம், ரயில் ஆகிய மூன்றும் இவ்வாறு ஒரே மாதத்தில் கூடின.

துப்பறியும் கதை இதற்கு முன்பே வங்கத்தில் வாழ்ந்து கொண்டிருந்தது. காவல் துறையில் பணியாற்றிய பிரியநாத் முகோபாத்யாய் 1892 முதல் ‘தாரோகார் தப்தர்’ என்னும் வரிசையில் தாம் கண்ட வழக்குகளைக் கதைகளாக்கினார். பாஞ்சகோடி தே மர்ம நாவல்களால் புகழ் பெற்றார். சரதிந்து பந்த்யோபாத்யாய் 1932இல் ப்யோம்கேஷ் பக்ஷியைப் படைத்தார். ‘சரத்காலத்து நிலவு’ என்று பொருள்படும் பெயர் கொண்ட அவ்வாசிரியர், தம் நாயகனைத் துப்பறிவாளன் என்னாது ‘சத்யான்வேஷி’, அதாவது மெய்ம்மை தேடுபவன் என்றே அழைக்கச் செய்தார். இவையெல்லாம் குருதியும் காமமும் சொத்துத் தகராறும் கலந்த, வயதுவந்தோர்க்கான கதைகள்.

இதம் வந்தது சத்யஜித் ரேயின் ஃபெலூதாவோடு. 1965 டிசம்பரில் ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் டார்ஜிலிங்கைக் களமாகக் கொண்டு தொடங்கிய இக்கதைகள், 1970இல் சாரதீய ‘தேஷ்’ மலருக்கு நகர்ந்தன. அவ்வாண்டு காங்டாக்; 1971இல் ‘சோனார் கெல்லா’, ராஜஸ்தான்; 1972இல் சிம்லா; 1973இல் எல்லோரா; 1974இல் வடவங்கக் காடு; 1975இல் காசி. இவ்வரிசையைப் பாருங்கள்: விடுமுறைப் பயண அட்டவணை போலவே இருக்கிறது. ரயிலேற வசதியுள்ளவர் பயணத்தில் படித்தனர். வசதியற்றவர் படித்தே பயணம் செய்தனர். தம்பி முறையான தோப்ஷே கதை சொல்ல, 1971 முதல் மர்ம நாவலாசிரியர் ஜடாயுவும் உடன்வர, சார்மினார் சிகரெட்டும் தேநீரும் சனாச்சூரும் நிரம்பிய இவ்வுலகம் ‘கோஸி’ இலக்கணத்துக்கு முழுமையாகப் பொருந்துகிறது. காசிக் கதையில் ஒரு வீட்டில் துர்க்கை உருவம் வனையப்பட்டுக் கொண்டிருக்கிறது. கதையைப் படிக்கும் வாசகரின் தெருவிலும் அதே வேலை நடந்துகொண்டிருக்கும். கதைக்காலமும் வாசிப்புக்காலமும் ஒன்றாகிவிடுகின்றன.

இங்கேதான் வரலாற்று மாணவனுக்கு ஒரு சிக்கல் எழுகிறது. 1971ஆம் ஆண்டின் கொல்கத்தா எத்தகையது? நக்சல்பாரி எழுச்சியைத் தொடர்ந்து நகரத்தின் சந்துகளில் இளைஞர்கள் கொன்றனர், கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் மாத நடுப்பகுதியில் காசிப்பூர், பராநகர் பகுதிகளில் படுகொலை நிகழ்ந்தது. அதே ஆண்டில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தனர். அவர்களுள் மிகப் பலர் தங்கியது மேற்கு வங்க முகாம்களில். சில வாரங்களில் பூஜை வந்தது, மலர் வந்தது. அதில் ஃபெலூதா ஜெய்சல்மேரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பொற்கோட்டையைத் தேடும் அக்கதையில் இந்த நகரம் இல்லை, இந்தக் கொலைகள் இல்லை.

இதைத் ‘தப்பித்தல் இலக்கியம்’ என்று தள்ளிவிடுவது எளிது. வகுப்பறைகளிலும் கருத்தரங்குகளிலும் அவ்வாறு தள்ளப்படுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்; ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது அத்தீர்ப்பை என்னால் ஏற்க இயலவில்லை. காரணம், எழுதிய கை. அதே ரே, 1970இல் ‘பிரதித்வந்தி’யையும் 1971இல் ‘சீமாபத்த’வையும் எழுபதுகளின் நடுவில் ‘ஜன அரண்ய’வையும் படமாக்கினார். வேலையின்மை, வன்முறை, அலுவலக அறவீழ்ச்சி, தரகு வாழ்க்கை என்று கொல்கத்தாவின் காயங்களை அவர் அளவுக்கு நேராகப் பார்த்த திரைக்கலைஞர் குறைவு. ஆகவே ‘அவர் கண்ணை மூடிக்கொண்டார்’ என்பது பொருந்தாது. திரையில் நகரத்தைக் காட்டினார். மலரில் அந்நகரத்துப் பிள்ளைகளுக்கு விடுமுறை அளித்தார். இரண்டும் ஒரே ஆண்டின் பணிகள். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்காமல் இரண்டில் எதனைப் பற்றியும் முடிவு கூறலாகாது.

மர்மக்கதை வடிவத்துக்கே வரலாற்றைத் தாங்கும் வலிமை இல்லை என்பதும் சரியன்று. சரதிந்துவின் ‘ஆதிம் ரிபு’ 1946ஆம் ஆண்டுக் கலவரங்களின் நிழலில் நடந்து, நாடு விடுதலை பெறும் நாளை எட்டுகிறது. அங்கே கொலை தெருவிலும் நிகழ்கிறது, வீட்டினுள்ளும் நிகழ்கிறது. துப்பறிபவர் தீர்க்க முடிவது வீட்டுக் கொலையை மட்டுமே. ஆக, வரலாற்றை உள்ளே விடுவதா, வாசலில் நிறுத்துவதா என்பது ஆசிரியரின் தேர்வு. அத்தேர்வு யாரை வாசகராகக் கொண்டு செய்யப்பட்டது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அக்கேள்வியை என்னிடம் எழுப்பியது ஒரு பழைய மலர். காலேஜ் தெரு நடைபாதைக் கடையில் வாங்கிய, எழுபதுகளின் பூஜா மலர் அது. அட்டையின் உட்புறத்தில் பென்சிலால் ஐந்து உறவுப்பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன: தாது, பாபா, தாதா, திதி, மா. தாத்தா, அப்பா, அண்ணன், அக்காள், அம்மா. யார் எப்போது படிப்பது என்ற முறைவரிசை அது. முதல் நான்கு பெயர்களின் எதிரே படித்து முடித்ததற்கான குறி இருந்தது. ஐந்தாவது பெயரின் எதிரே இல்லை.

ஒற்றைச் சான்றைக் கொண்டு முடிவு கட்டலாகாது என்பதை நாம்தான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த அம்மா படித்துவிட்டுக் குறியிடாமல் விட்டிருக்கலாம். எல்லாருக்கும் முன்பே, பிற்பகலில், யாருக்கும் தெரியாமல் படித்தும் இருக்கலாம். ஆயினும் அப்பட்டியல் எனக்கு ஒன்றைக் கற்பித்தது. இதம் என்பது நூலின் பண்பு மட்டும் அன்று. உட்கார ஓர் இடம், விளக்கு, இரண்டு மணி நேரம், தேநீர் போட்டுத்தர இன்னொருவர்: இவை கூடினால்தான் ஒரு கொலைக்கதை இதமாகிறது. பூஜை நாட்களில் வீட்டில் அனைவர்க்கும் விடுமுறை. அடுப்படிக்கு மட்டும் வேலை இருமடங்கு.

கதைகளுக்குள்ளும் இந்நிலை தெரிகிறது. ஃபெலூதா உலகில் பெண்கள் அரிதினும் அரிது. இளையோர்க்கான கதை என்பதால் குற்றத்தின் சில முகங்களைத் தவிர்க்க வேண்டியிருந்தது, அது எளிய காரியம் அன்று என்று ரே விளக்கியிருக்கிறார். அந்த விளக்கத்தை ஏற்கலாம். ஆனால் அதற்கு முன்பே பிரபாவதி தேவி சரஸ்வதி, கிருஷ்ணா என்னும் பெண் துப்பறிவாளரை இளையோர்க்காகவே படைத்துவிட்டார் என்பதையும் உடன்வைத்தே எண்ண வேண்டும். பிற்காலத்தில் சுசித்ரா பட்டாச்சார்யா படைத்த மிதின் மாஷி, குடும்பத்தையும் துப்பறியும் தொழிலையும் ஒருசேர நடத்தியபடி ‘ஆனந்தமேளா’ பூஜா மலர்களில் உலவினார். அட்டையில் ஐந்தாவதாக நின்ற பெயர், கதைக்குள் முதற்பெயராக வர இத்தனை ஆண்டுகள் ஆயின.

இன்று பூஜா மலர்கள் சரத்காலத்துக்குக் காத்திருப்பதில்லை; போட்டி மிகுந்து, மழை ஓயுமுன்பே கடைக்கு வந்துவிடுகின்றன. பருவம் வாசிப்பை அழைத்த காலம் போய், விற்பனை பருவத்தை முன்னிழுக்கும் காலம் வந்துவிட்டது. சமூக ஊடகத்துச் செந்நிற இலைகளும் அதன் இன்னொரு வடிவமே.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆனந்த விகடன், கல்கி, கலைமகள், அமுதசுரபி ஆகியவற்றின் தீபாவளி மலர்கள் நம் வீடுகளிலும் பைண்டு செய்யப்பட்டுப் பரணில் கிடக்கின்றன. நம் துப்பறியும் கதை பெரும்பாலும் வாரத் தொடரிலும் மாத நாவலிலும் வளர்ந்தது. தீபாவளி மலரோடு அதன் உறவு என்ன என்பது ஆராயத்தக்கது. நூலகப் படிகளில் வாசகரின் கைத்தடம் அரிதாகவே எஞ்சும். வீட்டுப் படிகளில் எஞ்சும். பழைய தாள்காரரிடம் எடைக்குப் போடுமுன் அட்டையின் உட்புறத்தை ஒருமுறை பாருங்கள். அடிக்கோடு, மளிகைக் கணக்கு, படிக்கும் முறைவரிசை என எது இருந்தாலும் படமெடுத்து வையுங்கள். முடிந்தால் அம்மாவிடமோ பாட்டியிடமோ கேளுங்கள்: அந்த மலர் உங்கள் கைக்கு எத்தனையாவதாக வந்தது? அந்த விடையையும் தேதியிட்டு எழுதி வையுங்கள்.