குருவானவர் இல்லாத 29 ஆண்டுகள்

1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியபோது, குடாநாட்டில் கத்தோலிக்கம் நீடிக்கும் என்று நம்பக் காரணம் அதிகம் இல்லை. போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கவிழ்த்தது 1619இல்தான். அதன்பின் நடந்த ஞானஸ்நானங்களில் பல, ஆட்சியின் நிழலில் நடந்தவை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்த அதே அதிகாரம்தான் தேவாலயங்களையும் எழுப்பியது. இதை மறைத்துவிட்டு அந்த மக்களின் விசுவாசத்தைப் பேசுவது முறையல்ல. ஆட்சியோடு வந்தது ஆட்சியோடு போயிருக்க வேண்டும். ஆனால் போகவில்லை. கத்தோலிக்கம் யாழ்ப்பாணத் தமிழரின் சொந்த விசுவாசமானது போர்த்துக்கேயர் காலத்தில் அல்ல, அதைப் பிடித்துக்கொண்டிருப்பதால் இழப்பு மட்டுமே மிஞ்சிய ஒல்லாந்தர் காலத்தில்தான் என்பது என் துணிபு.

இழப்பு சிறிதல்ல. குருமார் நாடுகடத்தப்பட்டார்கள், அவர்களுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. தேவாலயங்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபையின் கைக்குப் போயின. இவற்றைவிட ஆழமாக வெட்டியது தோம்பு எனப்பட்ட பதிவேடு. பிறப்பும் திருமணமும் ஒல்லாந்தரின் சபைப் பதிவில் ஏறினால்தான் சட்டத்தின் முன் செல்லும். பிள்ளைக்குத் தகப்பன் காணியில் உரிமை கேட்க வேண்டுமென்றாலும், அரசாங்க உத்தியோகம் வேண்டுமென்றாலும் அந்த ஏடுதான் சாட்சி. வாளுக்கு அஞ்சாதவரும் பிள்ளைகளின் முதுசத்தை நினைத்துக் கலங்கியிருப்பார். பூசை வைக்கவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் ஆளில்லை. மிஞ்சியது, குருவானவர் இல்லாமலே செய்யக்கூடிய செபமாலையும், ஆபத்து வேளையில் பொதுநிலையினரே கொடுக்கலாம் என்று திருச்சபை அனுமதித்திருந்த ஞானஸ்நானமும்தான்.

இந்த விசுவாசத்தைக் காப்பாற்றியவர் ஜோசப் வாஸ் அடிகளார்தானே என்று கேட்கலாம். கோவாவில் 1651இல் பிறந்த அவர், 1687இல் எளிய கூலியாளின் கோலத்தில் இலங்கைக்கு வந்தார். வயிற்றுக்கடுப்பில் உயிர் போகும் நிலையிலும் பின்வாங்காத அந்த மனிதரின் பெருமையைக் குறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் அவர் வந்தபோது ஒல்லாந்தர் ஆட்சிக்கு வயது 29. கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சைக்குப் போய், அதைக் கண்டு முகம் மலர்வோரை வைத்தே கத்தோலிக்கரை அவர் அடையாளம் கண்டார் என்கிறது மரபு. அடையாளம் காண ஆட்கள் மிஞ்சியிருந்தார்கள் என்பதே இங்கு முக்கியம். அவரை மறைத்து வைத்துக் காத்த, யாழ்ப்பாணத்துச் சில்லாலை ஊர் மக்கள், அவர் வந்தபிறகு விசுவாசிகளானவர்கள் அல்லர். பின்னர் ஊர்தோறும் மூப்பர், அண்ணாவியார் என்ற பொதுநிலைத் தலைவர்களை நியமித்து அவர் நடத்திய திருப்பணியும் பொதுநிலையினர் தோளில்தான் நின்றது. 1690ஐ ஒட்டிய ஒரு கிறிஸ்துமஸ் இரவில் யாழ்ப்பாணத்தில் கூடியிருந்தோரைப் படைவீரர் வளைத்துப் பிடித்தபோது கசையடி பட்டவர்களும் அவர்களே.

இன்னொரு மறுப்பு கூர்மையானது. இவர்களில் பலர் ஒல்லாந்தர் சபையில் பிள்ளைகளைப் பதிவுசெய்து, வீட்டில் மட்டும் கத்தோலிக்கராக வாழ்ந்தார்கள். இது உறுதியா, அச்சமா? அச்சமும் இருந்தது. ஆனால் அச்சம் மட்டுமே இருந்திருந்தால், வீட்டுக்குள் செபமாலையை வைத்திருக்கும் ஆபத்தை எதற்கு ஏற்கவேண்டும்? பதிவேட்டோடு நின்றிருக்கலாமே. இரத்தசாட்சியின் அளவுகோலை ஏழைக் குடும்பத்தின் மீது வைத்து அளப்பதை நான் ஏற்கமாட்டேன்.

சைவர்களும் இதே பதிவேட்டில் பெயரெழுதி, வீட்டில் சைவராகவே வாழ்ந்தார்களே, இதில் கத்தோலிக்கருக்கு என்ன தனிச்சிறப்பு என்பார் உண்டு. தனிச்சிறப்பு கோர எனக்கு விருப்பமில்லை. சைவர் பட்ட துன்பம் இரண்டு ஆட்சிகளின் நீளமுடையது. ஆனால் அவர்களுக்குப் பல நூற்றாண்டு மரபு துணைநின்றது. கத்தோலிக்கருக்கோ, ஒரு சில கடலோர ஊர்களை விட்டால், இரண்டு தலைமுறைப் பழக்கமே துணை. அதுவும் தோற்றுப்போன ஓர் அரசு விட்டுச்சென்ற பழக்கம்.

ஆங்கிலேயர் 1806இல் கத்தோலிக்கர் மீதான சட்டத்தடைகளை நீக்கினார்கள். உத்தியோகத்துக்கும் காணிக்கும் சபைப் பதிவு தேவையில்லை என்றானதும், ஒல்லாந்தர் ஏடுகளில் இருந்த பெருந்தொகை சில ஆண்டுகளிலேயே கரைந்தது. கத்தோலிக்கமோ நிலைத்தது: 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கை மக்களில் ஏறத்தாழ 6 சதவீதத்தினர் கத்தோலிக்கர். ஏனைய கிறிஸ்தவர் எல்லோரும் சேர்ந்து 2 சதவீதத்தையும் எட்டவில்லை.