வில்பத்து: மனிதர் விட்டுச் சென்ற காடு

காடு என்றதும் மனிதனின் கால் படாத நிலம் என்று எண்ணுவது நம் வழக்கம். இலங்கையின் வடமேற்குக் கரையிலுள்ள வில்பத்துக் காட்டுக்குள் ஒரு பகற்பொழுது சென்று வந்தவர்க்கு அவ்வெண்ணம் நிலைப்பதில்லை.

புத்தளத்தில் ஸுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு, நண்பர் இருவருடன் எலுவன்குளம் வழியாக அங்கே சென்றேன். 1938இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட வில்பத்து, ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அந்நாட்டுப் பூங்காக்களுள் மிகப் பெரியது. ஆயினும் தென்கிழக்கிலுள்ள யால பூங்காவில் போல ஜீப்புகள் நெருக்கியடித்து நிற்கும் காட்சி இங்கே அரிது. மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கையான தாழ்நிலங்கள் இக்காடெங்கும் பரந்துள்ளன. அவற்றுக்கு 'வில்' அல்லது 'வில்லு' என்று பெயர். காட்டின் பெயரும் அதிலிருந்தே வந்தது.

அத்தகைய ஒரு வில்லின் கரையில் ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தினார். புள்ளிமான்கள் நீர் அருந்திக்கொண்டிருந்தன. சற்று நேரத்தில் ஒரு தாய் யானை கன்றோடு வெளிப்பட்டது. எங்களைக் கண்டதும் கன்றைத் தன் கால்களுக்கிடையே ஒதுக்கிக்கொண்டு அசையாமல் நின்றது. அந்த நிலையைக் கண்டபோது, மதரஸாவில் மாணவனாயிருந்த நாளில் படித்த ஒரு வரலாறு என் நினைவுக்கு வந்தது. அதைப் பின்னர்க் கூறுகிறேன்.

இந்த அமைதி தொன்றுதொட்டு வந்ததன்று. பூங்காவின் தென்மேற்கிலுள்ள பொம்பரிப்பில், 1924 முதல் நடந்த அகழாய்வுகளில், இறந்தோரின் எலும்புகளை இட்டுப் புதைத்த தாழிகள் வெளிப்பட்டன. நம் தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஆய்வாளர் அவற்றை ஒப்பிட்டுள்ளனர். மேற்கே கடலை நோக்கி நிற்கும் குதிரைமலையும் பழம்பெயர் உடையது. கிளாடியஸ் மன்னன் காலத்தில், செங்கடற் சுங்கத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த உரோமானியன் ஒருவனின் ஆள் காற்றில் அடிபட்டு இலங்கையின் 'ஹிப்புரோஸ்' துறையில் கரையேறியதாகப் பிளினி எழுதிவைத்தார். 'ஹிப்போஸ்' என்பது கிரேக்கத்தில் குதிரை. ஆதலின் அத்துறை குதிரைமலையே என்பர் அறிஞர் சிலர்.

பூங்காவின் வட எல்லைக்கு அப்பாலுள்ள மறிச்சுக்கட்டியோ முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்றது. பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லியோனார்டு வூல்ஃப், 1906இல் அங்குள்ள முகாமில் அரசு அலுவலராகப் பணியாற்றினார். பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபிகளும், தமிழரும், முஸ்லிம்களும் அக்கடலில் ஒருசேர மூழ்கி முத்தெடுத்தனர்.

காட்டிலும் நம்மவரின் சுவடு உண்டு. பணிக்கர் என்னும் யானை பிடிப்போர், இலங்கையின் வடக்கிலும் வடமேற்கிலும் இருந்த முஸ்லிம் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். தோலால் திரித்த கயிறு ஒன்றையே துணைக்கொண்டு, காட்டு யானையின் பின்காலில் சுருக்கிட்டு மரத்தில் பிணைக்கும் அவர்தம் துணிவை, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எமர்சன் டெனன்ட் வியந்து எழுதினார். வில்பத்தின் வில்லுகளுள் ஒன்றுக்குப் 'பணிக்க வில்' என்று பெயர். அது அவர்களை இன்றும் நினைவூட்டுகிறது.

இனி, நான் முன்பு குறித்த வரலாறு. 1344இல் இக்கரையில் இறங்கிய இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராகத் தங்கி, ஆதம் மலைக்கு யாத்திரை புறப்பட்டார். அவர் சென்றது புத்தளத்துக்குத் தெற்கே. வில்பத்து அதற்கு வடக்கே. எனினும் கரை ஒன்றே, யானையும் ஒன்றே. வழியில் யானைகள் மிகுந்திருந்தும் அவை யாத்திரிகர்களைத் துன்புறுத்துவதில்லை என்று கூறும் அவர், அதற்குக் காரணமாக ஹிஜ்ரி 371இல் மறைந்த ஷீராஸ் ஷைகு இப்னு கஃபீஃப் அவர்களின் வரலாற்றைச் சொல்கிறார். அந்த ஷைகு தம் தோழர்களுடன் இம்மலையை நாடி வந்தபோது அவர்கள் வழி தப்பினர்; பசி வருத்தியது. ஷைகு தடுத்தும் கேளாமல் தோழர்கள் ஓர் யானைக்கன்றைக் கொன்று தின்றனர். இரவில் யானைகள் திரண்டு வந்து, ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துக் கொன்றன. ஷைகை மட்டும் முகர்ந்துவிட்டுத் துதிக்கையால் முதுகில் ஏற்றி, மனிதர் வாழும் இடத்தில் கொண்டு சேர்த்தன.

இந்நிகழ்ச்சியைக் கராமத் என்று கொள்வாரும் உளர். கதை என்று கொள்வாரும் உளர். அதன் உட்பொருளே எனக்குப் பெரிது. தோழர்களின் பசி பொய்யன்று. ஆயினும் அப்பசி கன்றின் உயிருக்கு விலையாகவில்லை. அல்-அன்ஆம் அத்தியாயம் விலங்குகளையும் பறவைகளையும் நம்மைப் போன்ற 'உமம்', அதாவது சமுதாயங்கள், என்றே குறிப்பிடுவதை அரபு கற்றோர் அறிவர்.

இதை இன்று நினைக்கக் காரணம் உண்டு. போரினால் 1980களில் மூடப்பட்ட பூங்கா, 2003இல் திறந்து, மீண்டும் மூடி, 2010இல் திறக்கப்பட்டது. இதற்கிடையில் 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் வீடிழந்தனர். அவர்களுள் பலர் புத்தளத்தில் அகதிகளாயினர். 2009க்குப் பின் மறிச்சுக்கட்டிப் பக்கத்தார் திரும்பியபோது, அவர்தம் மனைகளிலும் தோட்டங்களிலும் இருபது ஆண்டுக் காடு எழுந்து நின்றது. 2012இல் அந்நிலத்தின் ஒரு பகுதி அரசிதழ் வழியே வனமாக அறிவிக்கப்பட்டது. குடியேற்றத்துக்காகக் கல்லாறு வனத்தில் மரம் வெட்டியது சட்டவிரோதம் என 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஊரை இழந்தவன் ஊர் கேட்பது அவனது உரிமை. அவனை வந்தேறி என்பதும், காட்டின் பகைவன் என்பதும் அநீதி. அதேபோல், நம் துயரத்தின் பெயரால் வாய் பேசாத ஒரு சமுதாயத்தின் இருப்பிடத்தைப் பறிக்க நமக்கு அனுமதி இல்லை. இரண்டு வழக்குகளுக்கும் நியாயம் வழங்குவது அரசின் கடமை. இரண்டையும் மனத்தில் இருத்துவது நம் கடமை.

வெயில் ஏறியபோது தாய் யானை கன்றை முன்னே விட்டு மெல்லக் காட்டுக்குள் நடந்தது. அது மறையும் வரை எங்களுள் எவரும் பேசவில்லை.