‘விசேஷம் உண்டா?’ என்று கேட்கும் முன்: கருத்தரிப்பு சிகிச்சை, கருக்கலைப்பு, தோழியின் துணை

திருமண வீட்டிலும் கோயிலிலும் மணமான பெண்களிடம் நம்மவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, “ஏதாவது விசேஷம் உண்டா?” என்பது. மூன்று, நான்கு ஆண்டுகளாகியும் ‘உண்டு’ என்று சொல்ல முடியாத பெண், அந்தக் கேள்விக்குப் பயந்தே உறவினர் வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொள்கிறார்.

மாமியாரிடம் சொல்ல முடியாததையும், அம்மாவிடம் சொன்னால் வருந்துவாரே என்று மறைப்பதையும் அவர் சொல்ல ஒரு தோழி இருந்தால் பாரம் பாதியாகும். பள்ளியில் உடன் படித்தவராகவோ அதே புளோக்கில் வசிப்பவராகவோ இருக்கலாம். அந்தத் தோழிக்குச் சிங்கப்பூரின் மருத்துவ வசதிகளும் சட்டங்களும் ஓரளவு தெரிந்திருந்தால், ஆறுதலோடு வழியும் சொல்ல முடியும்.

தேக்காவுக்கு அருகில் ஒரு வரலாறு

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. ‘கண்டாங் கெர்பாவ்’ என்ற அதன் பழைய பெயருக்கு மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள். அவ்வட்டாரத்தில் மாட்டு வணிகம் நடந்ததை பஃப்ளோ ரோடு இன்றும் நினைவூட்டுகிறது.

1858ல் தொடங்கிய அம்மருத்துவமனை, 1924ல் மகப்பேற்று மருத்துவமனையானது. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கு 39,835 குழந்தைகள் பிறந்தன. அது கின்னஸ் சாதனை. மாறாக, சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் 2023ல் முதன்முறையாக ஒன்றுக்கும் கீழே, 0.97ஆக இறங்கியது.

ஆசியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று அறிவிக்கப்பட்ட ஆண் குழந்தையும் 1983 மே 19ஆம் தேதி அங்குதான் பிறந்தது. அந்த மருத்துவக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யாழ்ப்பாணத் தமிழரான பேராசிரியர் எஸ்.எஸ்.ரத்னம். கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் 1978லேயே இதைச் சாதித்திருந்தார். அப்போது ஏற்கப்படாத அவரது பணி, அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்தே அங்கீகாரம் பெற்றது.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

ஓராண்டு முயன்றும் கரு உண்டாகவில்லை என்றால் அதைக் குழந்தையின்மை என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதை எதிர்கொள்கிறார். பெண்ணுக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதங்களிலேயே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

காரணம் கணவரிடமும் இருக்கலாம்; இருவரிடமும் இருக்கலாம். விந்துப் பரிசோதனை எளிமையானது, வலியற்றது. ஆனாலும் மனைவி பல பரிசோதனைகளைச் செய்து முடித்த பிறகும் கணவர் ஒன்றுக்குக்கூடப் போகாத குடும்பங்கள் உண்டு. இருவரும் ஒன்றாகப் போவதே முறை.

தைப்பூசத்தில் குழந்தை வரம் வேண்டிப் பால்குடம் எடுப்போரும், வேண்டுதல் நிறைவேறிக் கரும்புத் தொட்டிலில் குழந்தையைச் சுமந்து வருவோரும் நம்மிடையே உண்டு. வேண்டுதல் சிகிச்சைக்குத் தடையல்ல. ‘அடுத்த ஆண்டு பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. வயது ஏற ஏறக் கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் குறைகின்றன.

செலவும் உதவியும்

ஐவிஎஃப் எனப்படும் செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சைக்கு ஒரு சுற்றுக்கே பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் ஆகலாம். கேகே, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகியவற்றின் அரசாங்க நிலையங்களில் சிகிச்சை பெறும் தம்பதியருக்கு அரசாங்க உதவி உண்டு.

இருவரும் குடிமக்கள் என்றால் 75 விழுக்காடு வரை கிடைக்கும். புதிய சுற்றுக்கு உச்சவரம்பு $7,700, உறையவைத்த கருவைப் பயன்படுத்தும் சுற்றுக்கு $2,200. இவ்வாறு மூன்று புதிய சுற்றுகளுக்கும் மூன்று உறைநிலைச் சுற்றுகளுக்கும் உதவி பெறலாம். ஒருவர் நிரந்தரவாசி என்றால் 55 விழுக்காடு, வெளிநாட்டவர் என்றால் 35 விழுக்காடு வரை, உச்சவரம்பும் குறையும்.

மெடிசேவ் சேமிப்பிலிருந்து முதல் சுற்றுக்கு $6,000, இரண்டாவதற்கு $5,000, அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் $4,000 வரை எடுக்கலாம். வாழ்நாள் வரம்பு $15,000.

இங்கே கவனிக்க வேண்டியது 40 வயது. சிகிச்சைக்கான 45 வயது வரம்பு 2020 ஜனவரி முதல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் அரசாங்க உதவி, சுற்று தொடங்கும்போது 40 வயதுக்குக் கீழ் இருக்கும் பெண்களுக்கே. 40க்கு முன்பே சிகிச்சைக்கு முயன்றிருந்தால் மட்டும் ஆறில் இரண்டு சுற்றுகள் வரை பிறகும் உதவி பெற முடியும். 38, 39 வயதில் தயங்கி நிற்கும் தோழிக்கு இதைச் சொல்வது பேருதவி.

2023 ஜூலை முதல் 21 முதல் 37 வயது வரையுள்ள பெண்கள், மணமாகாதவர்கள் உட்பட, கருமுட்டையை உறையவைத்துக்கொள்ளலாம். அதைப் பயன்படுத்தச் சட்டப்படி மணமாகியிருக்க வேண்டும். வாடகைத்தாய் முறைக்கு இங்கு அனுமதி இல்லை.

கருவைத் தொடர முடியாத நிலையில்

ஒருத்தி ஏங்கும் கருவை இன்னொருத்தியால் சுமக்க முடியாமல் போகலாம். உடல்நலம், பணம், உடைந்த உறவு, கருவில் கண்டறியப்பட்ட குறை என்று காரணங்கள் பல. இருவரும் நெருங்கிய தோழிகளாகவும் இருக்கலாம். அப்போது நட்புக்கே சோதனை வருகிறது.

சிங்கப்பூர்ச் சட்டப்படி 24 வாரங்கள் வரை கருக்கலைப்பு செய்யலாம். அதற்குப் பிறகு தாயின் உயிருக்கோ உடல், மனநலத்துக்கோ கடும் ஆபத்து இருந்தால் மட்டுமே அனுமதி. முன்னதாக ஆலோசனை கட்டாயம். அதன் பிறகு குறைந்தது 48 மணி நேரம் சிந்திக்க அவகாசம் தரப்படும். 16 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தனி ஆலோசனை உண்டு. கணவரின் சம்மதத்தைச் சட்டம் கேட்பதில்லை. மருத்துவத் தரப்பினர் விவரங்களை வெளியிடுவது குற்றம்.

வேலை அனுமதிச் சீட்டில் வந்திருக்கும் பணிப்பெண்களின் நிலை மேலும் கடினம். இங்கு கருவுறவோ பிள்ளை பெறவோ அனுமதியின் நிபந்தனைகள் இடம் தருவதில்லை. மனிதவள அமைச்சின் ஒப்புதலோடு குடிமகனையோ நிரந்தரவாசியையோ மணந்தவர்களுக்கே விலக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் பரிசோதனையில் கர்ப்பமும் சோதிக்கப்படுகிறது. ஊரில் குடும்பத்தை விட்டுவந்த பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சந்திக்கும் தோழியைத் தவிர வேறு ஆள் இல்லாமல் போகலாம்.

தோழி என்ன செய்யலாம்?

முட்டை எடுக்கும் நாளில் மயக்க மருந்து தருவதால் தனியாக வீடு திரும்பக் கூடாது. கணவருக்கு விடுப்பு கிடைக்காவிட்டால் உடன் போகலாம். கரு வைத்தபின் முடிவுக்காகக் காத்திருக்கும் இரண்டு வாரங்களில் தினமும் ‘என்ன ஆயிற்று’ என்று கேட்காமல் இருப்பதும் உதவிதான்.

உங்களுக்கே கரு உண்டாகியிருந்தால், காத்திருக்கும் தோழிக்கு அதை நீங்களே, தனியாக, முன்கூட்டியே சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் அவர் அறியும்படி விடாதீர்கள். வளைகாப்புக்கு அழையுங்கள், வருவதா வேண்டாமா என்பதை அவர் முடிவுக்கு விட்டுவிடுங்கள். வந்தால், வளையல் போட அவரையும் கூப்பிடுங்கள். பிள்ளை பெறாதவள் என்று ஒதுக்கி உட்காரவைப்பது, ஊசி வலியைவிடப் பெரிய வலி.

கரு கலைந்தவரிடம் ‘அடுத்தது நிற்கும்’ என்றோ, கலைக்க முடிவெடுத்தவரிடம் ‘பாவம்’ என்றோ சொல்ல வேண்டாம். ஆலோசனை அறை வரை கூட வந்து, திரும்பும்போது ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தால் போதும். அவர் சொன்னது வேறு காதுக்குப் போகக் கூடாது.

தத்தெடுக்க எண்ணுவோருக்கான புதிய சட்டம் 2024 அக்டோபர் 15ஆம் தேதி நடப்புக்கு வந்தது. சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு அதைக் கவனிக்கிறது.

மனம் தாங்க முடியாத நேரத்தில் தேசிய மனநல உதவி எண் 1771ஐ அல்லது சமாரிட்டன்ஸ் அமைப்பின் 1767ஐ எந்நேரமும் அழைக்கலாம். அவேர் அமைப்பும் பெண்களுக்கான உதவித் தொலைபேசிச் சேவை நடத்துகிறது. குடும்பச் சிக்கல்களுக்கு பீட்டி ரோட்டிலுள்ள சிண்டாவை நாடலாம்.

அடுத்த முறை ‘விசேஷம் உண்டா?’ என்று நாவில் வந்தால், ‘நல்லா இருக்கியாம்மா?’ என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள். சொல்ல விரும்பினால் அவரே சொல்வார்.