விலைக்கு விளம்பிய சோறு

சோற்றை விலைக்கு விற்பது பாவம் என்று எண்ணியிருந்த நாடு நம் நாடு. வழிப்போக்கருக்குச் சத்திரமும் மடமும் கோயிலும் இலை போட்டன. வடக்கே தர்மசாலைகள் அப்பணியைச் செய்தன. அவ்விடங்களில் காசு கேட்கும் வழக்கம் இல்லை. ஜாதி கேட்கும் வழக்கம் மட்டும் இருந்தது. இன்றோ நம் காலனிக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்குப் போய், பணத்தைக் கொடுத்து, பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பவர் இன்னார் என்று விசாரியாமலே வயிறார உண்டு திரும்புகின்றன. அந்த நிலையிலிருந்து இந்த நிலைக்கு நாம் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை, பண்டிதர் முறையில் அன்று, ஒரு ரயில்வே குமாஸ்தாவின் அறிவுக்கு எட்டிய அளவில், இம்மலரில் எழுத முற்படுகிறோம்.

முதலில் நமது இலாகாவைப் பற்றியே சொல்ல வேண்டியிருக்கிறது. 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் வண்டி ஓடிற்று. 1871இல் பம்பாய்ப் பாதையும் சென்னைப் பாதையும் ரெய்ச்சூரில் வந்து கூடின. அதற்கு முன் நம்மவர் பெரும்பாலும் சொந்த பந்தங்களுடனே பயணம் செய்தவர்கள். முன்பின் அறியாத மனிதருடன் ஒரே பலகையில் இரவும் பகலும் நெருக்கியடித்து உட்கார்ந்து போகும் நிலை அவர்களுக்குப் புதிது. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு ஏறினார்கள். கட்டுச்சாதம் தீர்ந்த இடத்தில் பசி தொடங்கிற்று. பசி தொடங்கிய இடத்தில் ஸ்டேஷன் சாப்பாட்டு அறை தோன்றிற்று.

அந்த அறைகளின் வரலாறு நாம் பெருமை பாராட்டக்கூடியது அன்று. வடக்கே பிளாட்பாரத்தில் ‘ஹிந்து பானி’, ‘முஸல்மான் பானி’ என்று தண்ணீரையே பிரித்துக் கூவி வார்த்தார்கள். தெற்கே சாப்பாட்டு அறையில் பிராமணருக்கு ஓரிடமும் இதரருக்கு ஓரிடமும் ஒதுக்கிப் பலகை மாட்டினார்கள். கவுண்டரில் இருவரும் கொடுத்த கட்டணம் ஒன்று, வண்டியில் அமர்ந்த பலகை ஒன்று, இருவருக்கும் வேண்டிய சோறும் ஒன்று. இருந்தும் உண்ணும் நேரம் வந்ததும் ஒருவர் இப்பக்கமும் மற்றவர் அப்பக்கமும் போக வேண்டியிருந்தது. சுயமரியாதை இயக்கத்தார் பல ஆண்டுகள் விடாது கிளர்ச்சி செய்தமையால், 1941ஆம் ஆண்டில்தான் தென்னாட்டு ரயில்வே உணவறைகளில் இப்பாகுபாடு ஒழிந்தது. நாடு விடுதலை அடைவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்த காரியம் இது. இதைப் படிக்கும் நம் பிள்ளைகளின் கொள்ளுத்தாத்தாக்களில் சிலர் அந்த ‘இதரர்’ பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள். அப்பக்கத்திலும் இடம் கிடைக்காதவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தன் 15ஆம் ஷரத்தில் கடைகள், பொது உணவு விடுதிகள், ஹோட்டல்கள் ஆகியவற்றில் நுழைய எந்தக் குடிமகனையும் ஜாதி, மதம், பிறந்த இடம் காரணமாகத் தடுக்கலாகாது என்று விதித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து, தடுத்தவருக்குத் தண்டனை என்றது. சட்டம் வந்த மறுநாளே பந்தி ஒன்றாகிவிட்டது என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. எனினும் வாசலில் நின்று தடுப்பவனுக்கு இருந்த துணிச்சல் அன்று முதல் குறையலாயிற்று. அதே காலத்தில், செங்கற்பட்டைச் சேர்ந்த நம் தமிழர் ஓ. வி. அளகேசன் தலைமையில் 1954இல் அமைந்த குழு ரயில்வே உணவு ஏற்பாடுகளை ஆராய்ந்தது. அதன் பின்னர் பல இடங்களில் காண்டிராக்டர்களை விட்டு ரயில்வேயே நேராகச் சமைத்து விளம்பத் தொடங்கிற்று. அச்சமையலின் ருசியைப் பற்றி நாம் இலாகாவுக்குள் இருந்துகொண்டு அபிப்பிராயம் சொல்வது முறையாகாது.

இனி நம் பம்பாய்க்கு வருவோம். 1995 முதல் இந்நகரின் பெயர் மும்பை என்றாலும், நம் வீடுகளில் இன்னும் பம்பாய்தான். 1896இல் இங்கே பிளேக் பரவிற்று. நெருக்கடி தீர வேண்டி 1898இல் அமைந்த இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்டு, வடக்கே தாதர், மாட்டுங்கா பகுதிகளைத் திட்டமிட்டு விரிவாக்கிற்று. மாட்டுங்காவில் 1915இல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பும் ஏற்பட்டது. டைப்பும் சுருக்கெழுத்தும் கற்ற தென்னாட்டு இளைஞர்கள் ரயிலேறி வந்து குமாஸ்தாக்களாக அமர்ந்தார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றும் அளவுக்கு அவர்கள் தொகை பெருகியிருந்தது. பலர் பிரமசாரிகள், அல்லது மனைவியை ஊரில் விட்டு வந்தவர்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அறை. அறையில் அடுப்பு இல்லை.

ஆலைப் பகுதியான கிரண்காவில் மராட்டியத் தொழிலாளருக்குக் ‘கானாவல்’ என்னும் வீட்டுச் சாப்பாட்டு ஏற்பாடு முன்னரே இருந்தது. ஒரு பெண்மணி பத்துப் பதினைந்து பேருக்குப் பொங்கிப் போட்டு மாதக் கடைசியில் பணம் வாங்குவாள். நம்மவருக்கு அதே முறையில் அமைந்தவை மெஸ்ஸும் லஞ்ச் ஹோமும். மணீஸ் லஞ்ச் ஹோம் 1937இல் ஏற்பட்டது. கபே மெட்ராஸ் 1940இல் வந்தது. அது பெரிதும் சிற்றுண்டிக்குப் பேர்போனது. மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு எதிரே ஏ. ராம நாயக் நிறுவிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942இல் தொடங்கி இன்றும் இலை போட்டு வருகிறது.

உடுப்பிக்காரர் இத்தொழிலில் முந்தியதற்குக் காரணம் உண்டு. கிருஷ்ணர் மடத்துச் சமையலில் பழகிய கை, நூறு பேருக்கு ஒரே பக்குவத்தில் பொங்கும் கை. அத்துடன், பிராமணர் சமைத்த சைவச் சோறு என்றால் எல்லா ஜாதியாரும் உண்ணலாம் என்ற அக்கால எண்ணமும் வியாபாரத்துக்கு உதவிற்று. சமைப்பவன் கை யாவருக்கும் ஒப்புதல், பக்கத்தில் உண்பவன் தோள் மட்டும் ஆகாது என்றிருந்த விசித்திரத்தை என்னவென்று சொல்வது! ஆயினும் பத்து மணி ஆபீசுக்கு ஓடும் நகரத்தில் தோள் பார்த்து உட்கார நேரம் ஏது? ஓர் இலை எழுந்தால் அடுத்தவர் உட்கார வேண்டும். சீர்திருத்தக்காரர் மேடையில் பேசியதில் ஒரு பங்கை இந்த அவசரம் பேசாமலே செய்தது என்பது நம் கருத்து.

1943 மே மாதத்தில் பம்பாயில் ரேஷன் வந்தது. யுத்த காலம், பர்மா அரிசி நின்றுவிட்டது. அரிசி தவிர வேறொன்றும் அறியாத நம்மவர் கோதுமையைக் கண்டு மலைத்தார்கள். அக்காலத்தில்தான் சாப்பாட்டு இலையில் பூரியும் சப்பாத்தியும் நிலையாக இடம் பிடித்தன என்று பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். மறுபடியும் 1965இல், பாகிஸ்தான் போரும் உணவுப் பஞ்சமும் சேர்ந்த வேளையில், பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு நாட்டை வேண்டினார். திங்கட்கிழமை இரவு விடுதிகள் கதவடைத்தன.

நம் கதை இப்படியிருக்க, தெற்குப் பம்பாயில் கல்பாதேவி, புலேஷ்வர் வட்டாரத்தில் துணி வியாபாரத்துக்கு வந்த குஜராத்தி, மார்வாடி வணிகருக்கும் இதே தனிமை, இதே பசி. அவர்களுக்காக எழுந்தவை போஜனாலயங்கள். 1945இல் ஏற்பட்ட தாக்கர் போஜனாலயம் அவற்றுள் ஒன்று. அங்கே கிடைப்பதற்குத் ‘தாலி’ என்று பெயர். ஊரிலிருந்து புதிதாக வந்த நம் பெண்டிர் ‘ஒரு தாலி என்ன விலை?’ என்ற பேச்சைக் கேட்டுத் திடுக்கிடுவது இயல்பே. ஸ்தாலி என்னும் வடசொல்லின் வழி வந்த பெயர் அது. தட்டு என்பதே பொருள். விளிம்புள்ள பெரிய தட்டில் ‘வாட்கி’ என்னும் சிறு கிண்ணங்களை வரிசையாக வைத்துக் காய் இரண்டு, பயறு ஒன்று, பருப்பு, கடி என்று நிரப்புகிறார்கள். ஃபர்சான் என்னும் பலகாரமும் இனிப்பும் உடன் வருகின்றன. நெய் தடவிய ஃபுல்கா ஓயாமல் வந்து விழுகிறது. சோறு கடைசியில்தான். நாமோ சோற்றில் தொடங்கிச் சாம்பார், ரசம், மோர் என்று சோற்றிலேயே முடிப்பவர்கள். மோரை அவர்கள் பிசைவதில்லை, குடித்துவிடுகிறார்கள். பருப்பில் வெல்லம் போடுவதை மட்டும் இத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும் நம் நாக்கு ஒப்புக்கொள்ளவில்லை. கோடையில் ஆம்ரஸ் என்னும் மாம்பழச் சாறு வரும்போது அந்த மனத்தாங்கல் மறைந்துவிடுகிறது.

1966 ஜூன் 19இல் சிவசேனை தோன்றிற்று. அதையடுத்த ஆண்டுகளில் தென்னாட்டார் வேலைகளைப் பறித்துக்கொண்டார்கள் என்ற கிளர்ச்சி மூண்டு, உடுப்பி விடுதிகள் பல கல்லெறிக்கு உள்ளாயின. விடுதிக்காரர்களில் பெரும்பாலோர் துளுவும் கன்னடமும் கொங்கணியும் பேசுபவர்கள். ஆயினும் கல்லெறிந்தவருக்கு எல்லோரும் ‘மதராஸி’களே. பிறந்த இடம் காரணமாகத் தடுக்கலாகாது என்ற அந்த 15ஆம் ஷரத்தை அந்நாட்களில் நம்மவர் வேறொரு கண்ணால் படித்திருப்பார்கள். உடைந்த கண்ணாடியை மாற்றிவிட்டு விடுதிகள் மீண்டும் திறந்தன. பின்னாளில் மராட்டிய அன்பர்களே அவ்விடங்களில் நிறைந்து அமர்ந்து இட்லி கேட்டார்கள், கேட்டும் வருகிறார்கள்.

மெஸ்ஸுகள் குறைந்ததற்குக் கல் காரணம் அன்று. குவார்ட்டர்ஸ் கிடைத்தது, கலியாணம் ஆயிற்று, குடும்பம் வந்தது. வீட்டில் அடுப்பு எரியத் தொடங்கியதும் மாதக் கணக்கு நோட்டு மூடப்பட்டது. வீட்டுச் சாப்பாட்டை ஆபீசுக்குக் கொண்டு சேர்க்க, 1890இல் தொடங்கிய டப்பாவாலா ஏற்பாடு நமது லோக்கல் வண்டிகளிலேயே ஓடிக்கொண்டிருந்தது. கானாவல் நடத்திய பெண்களோ வட்டிக் கடனில் தவித்தார்கள். அவர்களை ஒன்றுசேர்த்து, வங்கிக் கடன் கிடைக்கச் செய்து, 1975இல் அன்னபூர்ணா மகிளா மண்டலத்தை நிறுவியவர் பிரேமா புரவ் என்னும் அம்மையார்.

நம் காலனியிலும் சில வீடுகளில் தாய்மார்கள், புதிதாக வேலைக்கு வந்த பையன்களுக்கு அடுக்குப் பாத்திரத்தில் மதியச் சாப்பாடு அனுப்பிவருகிறார்கள். அவர்களில் ஒருவர் நாலு ஊர்ப் பையன்களுக்குப் பொங்குகிறார். யார் எந்த ஊர், என்ன வகுப்பு என்று நாம் கேட்டபோது, யாருக்குக் காரம் ஆகாது என்பதை மட்டும் சொன்னார்.