கரிசல் காட்டிலிருந்து விழித்திரை வரை: சர்க்கரை நோயாளிகளைப் பரிசோதனைக்கு வரவைத்த கதை

கரிசல் பூமி என்றவுடன் பருத்தி, கம்பு, தீப்பெட்டி, கோவில்பட்டி கடலைமிட்டாய் எல்லாம் நினைவுக்கு வரும். கண் மருத்துவ வரலாற்றிலும் இந்த மண்ணுக்கு ஓர் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரம் என்ற சிற்றூரில், ஒரு விவசாயக் குடும்பத்தில் 1918-ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-ல் பட்டம் பெற்று, ராணுவ மருத்துவராகச் சேர்ந்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவரது ஆசை. முடக்குவாதம் வந்து கைவிரல்கள் வளைந்து போனதால் கண் மருத்துவத்துக்கு வந்தார். வளைந்த விரல்களோடு கண் அறுவை சிகிச்சை செய்யப் பழகியது தனிக் கதை.

அதே ஸ்டான்லியில் 1948-ல் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்றே தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். இந்தியாவில் இத்தகைய பிரிவுகளுக்கு முன்னோடி அதுதான். ஆக, கண்ணுக்கு ஒருவரும் சர்க்கரைக்கு ஒருவருமாக இரு முன்னோடிகள் ஒரே கல்லூரியின் வரலாற்றில் இருக்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு மருத்துவமும் ஒன்றோடொன்று கைகோக்கப் பல ஆண்டுகள் ஆயின.

முகாமுக்கு ஏன் வரவில்லை?

வேங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போதைய பெரிய பிரச்சினை கண்புரை. ஊர் ஊராக முகாம் போட்டார்கள், இலவசம் என்றும் அறிவித்தார்கள். கூட்டம் வந்ததே தவிர, வரவேண்டிய எல்லோரும் வரவில்லை. இலவசம் என்றால் மக்கள் ஓடி வருவார்கள் என்று நகரத்தில் இருப்பவர்கள் நினைப்பது எவ்வளவு தவறு என்பதை இந்த முகாம்களே காட்டின.

மதுரைப் பகுதிக் கிராமங்களில் நடந்து 1991-ல் வெளியான ஓர் ஆய்வு, இலவச அறுவை சிகிச்சையோடு சாப்பாடு, போக்குவரத்துச் செலவு ஆகியவற்றையும் கொடுத்தபோது கூடுதலானோர் வந்ததைக் காட்டியது. அதைவிடச் சுவையான முடிவு ஒன்றும் அதில் உண்டு. ஏற்கெனவே புரை நீக்கிக்கொண்ட ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசினால் அந்தப் பேச்சு நன்றாக எடுபட்டது. "எனக்குச் செஞ்சாங்க, இப்போ ஊசியில நூல் கோக்கிறேன்" என்று பக்கத்துத் தெருக்காரர் சொல்வதற்கு இருக்கும் மதிப்பு மைக்செட் விளம்பரத்துக்கு வருமா?

தென் தமிழகக் கிராமங்களைப் பற்றி 1999-ல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் கசப்பானது. கண் முகாம் நடந்த ஊர்களிலேயே, கண்ணில் கோளாறு இருந்த பெரியவர்களில் நூற்றுக்கு 7 பேர்கூட முகாமுக்குப் போகவில்லை. பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு, "இப்போதைக்குப் பார்வை போதும்" என்ற எண்ணம் ஆகியவையே தடையாக நின்றன.

கண்புரையிலாவது பார்வை மங்குகிறது, நோயாளிக்குத் தன் குறை தெரிகிறது. சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பில் அதுவும் இல்லை. ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கிய பிறகும் பல காலம் பார்வை தெளிவாகவே இருக்கலாம். நோயாளி தானாக உணரும் நாளில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அரவிந்த் தொடங்கிய அதே 1976-ல்தான், லேசர் சிகிச்சையால் கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கலாம் என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று தெரிவித்தது. மருந்து கிடைத்துவிட்டது, ஆள்தான் வரவேண்டும். வலியும் இல்லாமல் மங்கலும் இல்லாமல் இருப்பவரை எப்படி வரவைப்பது?

கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டிக்குக் குச்சி அடைக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். செய்த வேலைக்குத்தான் கூலி. திருநெல்வேலி ஏறத்தாழ 55 கி.மீ., மதுரை சுமார் 100 கி.மீ. போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் எல்லாம் கலங்கலாகத் தெரியும், வெயில் கூசும், தனியாக பஸ் ஏற முடியாது. எனவே மகனோ மகளோ கூடவர வேண்டும், அவர்கள் கூலியும் போகும். இத்தனையும் செய்து முடித்தபின் டாக்டர் "ஒன்றும் இல்லை, அடுத்த வருஷம் வாங்க" என்பார். அடுத்த வருஷம் அவர் போவாரா? இதை அறியாமை என்று சொல்லி ஒதுக்குவது நியாயம் அல்ல. அது அவர் போடும் கணக்கு, அந்தக் கணக்கில் தவறும் அதிகம் இல்லை.

கால்களின் வரலாறு

பாதத்தின் கதையும் தமிழ்நாட்டில்தான் தொடங்குகிறது. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் பட்ட காயமே அவற்றைத் தின்கிறது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். 1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்குச் சென்றபின், அதே அறிவு சர்க்கரை நோயாளிகளின் மரத்துப்போன கால்களுக்கும் பயன்பட்டது. வேலூர்ப் பக்கம் தொழுநோயாளிகளுக்காகப் பயன்பட்ட மென்மையான ரப்பர் செருப்பு, இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித் தரப்படும் எம்.சி.ஆர். செருப்பாக இருக்கிறது. அந்தப் பூர்வீகமே ஒரு தடையாகவும் ஆனது. "இது பெருநோய்க்காரங்க போடுற செருப்பு" என்று கால் வைக்க மறுத்தவர்கள் உண்டு.

படம் எடுக்கும் காலம்

நகரத்தில்கூட நிலைமை பெரிதல்ல என்று சொல்வதற்கில்லை. சென்னையில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எல்லோரையும் கண் டாக்டரிடம் வரச் சொல்வது நடக்காத காரியம் என்பது விளங்கும்.

ஆகவே நோயாளியை நோக்கிக் கருவிகள் நகர்ந்தன. அரவிந்த் 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்து, கம்பியில்லா இணைப்பு மூலம் தலைமை மருத்துவமனை டாக்டரோடு பேச வழி செய்தது. விழித்திரைக் கேமராவில் படம் எடுத்து அனுப்பினால் தூரத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்லலாம் என்றானது. பின்னர் கூகுள் நிறுவனத்தின் கணினி நிரல் அரவிந்த், சங்கர நேத்ராலயா இரண்டிலும் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2019-ல் வெளியாயின. படம் பார்க்கும் வேலையில் தேர்ந்த மருத்துவர்களுக்கு அது ஏறக்குறைய ஈடாக நின்றது.

இங்கிலாந்தில் 2003 முதல் வேறு வழி பிடித்தார்கள். டாக்டரிடம் பதிவான சர்க்கரை நோயாளிகளுக்கு ஆண்டுதோறும் பெயர் சொல்லி அழைப்புக் கடிதம் போயிற்று. 2009-10 கணக்கின்படி, உழைக்கும் வயதினரின் பார்வை இழப்புக்கு முதற்காரணம் என்ற இடத்திலிருந்து இந்நோய் இறங்கியது. அங்கே அடிப்படை ஒரு பெயர்ப் பட்டியல். நம் ஊரிலோ ஒருவர் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குவார், அடுத்த மாதம் தனியார் டாக்டர், அதற்கடுத்த மாதம் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொள்வார். யார் யாருக்குக் கடிதம் போடுவது?

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வீடு வீடாக ஆள் போவது 1991 ஆய்வின் பாடத்தோடு ஒத்துப்போகிறது. மாத்திரையோடு வரும் பெண் "கண்ணு பார்த்தாச்சா அக்கா?" என்று கேட்டால் அதற்கு வலு அதிகம். அதே சமயம் மாத்திரைக்காக ஆஸ்பத்திரிக்குப் போகும் தேவை குறைந்தால், போன இடத்தில் கண்ணையும் காலையும் காட்டிவரும் வாய்ப்பும் குறையுமே என்ற கேள்வியும் இருக்கிறது.

சொட்டு மருந்து விடாமலேயே படம் எடுக்கும் கேமராக்களும் வந்துவிட்டன. தீப்பெட்டி ஆபீஸ் பெண் காலையில் படம் எடுத்துவிட்டு மதியம் வேலைக்குத் திரும்பலாம். வயதானவர்களுக்கு மட்டும் கண்மணி சிறுத்திருப்பதாலும் புரை மறைப்பதாலும் படம் சரியாக விழாமல் போவதுண்டு. அவர்களுக்கு இன்றும் சொட்டு மருந்தும், கூடவர ஓர் ஆளும் வேண்டியிருக்கிறது.