நான்கு அளவீடுகளும் ஒரு சராசரியும்

சிறிய மாதிரியின் சராசரியை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி கூர்மை பெற்ற இடம் டப்ளின் நகரின் கின்னஸ் பீர் ஆலை. அங்கே 1899-இல் வேலைக்குச் சேர்ந்த வில்லியம் காசெட்டுக்குச் சோதனைகளில் பெரும்பாலும் சில அளவீடுகளே கிடைத்தன. அன்றைய சூத்திரங்களோ பெரிய மாதிரிகளுக்கானவை. அவர் 3,000 கைதிகளின் உடலளவுகளை அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகள் ஆக்கினார். கணினி இல்லாத காலத்துப் பொறுமை அது! முடிவு 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியானது.

நான்கு அளவீடுகளின் சராசரி 50, திட்டவிலக்கம் 4 என்றால் திட்டப்பிழை 4 ÷ √4 = 2. அதை 95 விழுக்காட்டுக்கு வழக்கமான 1.96-ஆல் பெருக்கிச் சராசரியுடன் கூட்டியும் கழித்தும் பார்த்தால் எல்லைகள் 46.1, 53.9. காசெட்டின் முடிவிலிருந்து வளர்ந்த இன்றைய டி-அட்டவணையின் 3.18 அவற்றை 43.6, 56.4 என விரிக்கிறது.

இத்தகைய எல்லைகளுக்கு இடைப்பட்ட பகுதிக்கு ‘நம்பிக்கை இடைவெளி’ என்ற பெயரை 1934-இல் லண்டன் அரச புள்ளியியல் கழகத்தின் முன் வைத்தவர் போலந்துக் கணிதவியலாளர் யெர்சி நெய்மன். இது நம்பிக்கை மோசடியாக இருக்குமோ என்று புள்ளியியலாளர் ஆர்தர் பௌலி அங்கேயே ஐயப்பட்டார். ஐயத்தில் நியாயம் உண்டு. 95 விழுக்காடு என்பது கையிலுள்ள இந்த ஒரு இடைவெளிக்கான வாய்ப்பு அல்ல. இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்தால், கிடைக்கும் இடைவெளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 உண்மைச் சராசரியை உள்ளடக்கும் என்பதே அதன் பொருள்.